ஹம்பியின் வெயிலும் நிழலும்

ஹம்பிக்கு எந்த மாதத்தில் போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கும். அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரிக்குள் போய் வந்துவிட வேண்டும். பாறையும் கற்கட்டடமுமாகப் பரந்து கிடக்கும் அந்த ஊரில் கோடை வெயில் நாற்பது பாகையைத் தொடும், நடமாட முடியாது. இந்த அறிவுரையில் பிழையேதும் இல்லை. ஆயினும் சித்திரைப் பிறப்பை ஒட்டி நான்கு நாள் விடுப்பு வாய்த்தபோது, இன்னொரு வாய்ப்பு எப்போது வருமோ என்ற எண்ணத்தில் தனியாகவே புறப்பட்டுப் போனேன். திரும்பி வந்ததும் நண்பர்கள் கேட்டவை இரண்டே கேள்விகள். "இந்த வெயிலிலா?" என்பது ஒன்று. "தனியாகவா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்து விடை சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹம்பியை ஒருமுறையேனும் வெயிலில் பார்த்தால்தான் அது எதற்காக அவ்வாறு கட்டப்பட்டது என்பது விளங்கும். பனிக்காலத்தில் போகிறவர் தூண்களில் உள்ள சிற்பங்களைப் பார்க்கிறார். கோடையில் போகிறவர் தூண்கள் தாங்கும் கூரையைத் தேடுகிறார். நிழலையும் நீரையும் நம்பி எழுந்த ஒரு நகரத்தை நாம் சிற்பங்களின் காட்சிச்சாலையாக மாற்றி வைத்துப் பாதுகாக்கிறோம். அந்தப் பாதுகாப்பில் விடுபட்டது எது என்பதை வெயில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஊரைப் பற்றிச் சிறிது. ஹொசப்பேட்டையிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவில், துங்கபத்திரையின் தென்கரையில் இருக்கிறது ஹம்பி. விஜயநகரப் பேரரசின் தலைநகர். 1336இல் தொடங்கியதாக மரபாகச் சொல்லப்படும் இந்நகரம் 1565இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போரின் தோல்விக்குப் பிறகு சூறையாடப்பட்டுக் கைவிடப்பட்டது. 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. தமிழர்க்கும் இதனோடு தொடர்பு உண்டு. மதுரையிலும் தஞ்சையிலும் ஆண்ட நாயக்கர்கள் இந்தப் பேரரசின் கிளைகளாகத் தோன்றியவர்களே. உதயகிரி வெற்றிக்குப் பின் கிருஷ்ணதேவராயர் கொண்டுவந்து ஹம்பியில் எழுந்தருளச் செய்த பாலகிருஷ்ணனின் சிலை இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவனுக்கென்று எழுப்பிய கோயில் மூலவரின்றி வெயிலில் நிற்கிறது.

முதல் நாள் காலை விரூபாட்சர் கோயில். ஹம்பியில் வழிபாடு அறுபடாமல் தொடரும் பெருங்கோயில் இது. தேர்த்திருவிழா முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைந்தால், காலை ஒன்பது மணிக்கே முற்றத்துக் கல் காலைச் சுட்டது. அடியவர்கள் நேர்வழியில் நடக்காமல் மண்டபங்களின் ஓரமாகவே சுற்றி வந்தார்கள். குழந்தைகள் ஓடினார்கள், பெரியவர்கள் குதிகாலை ஊன்றாமல் விரைந்தார்கள். இங்கே வழிகாட்டிகள் தவறாமல் காட்டும் நிழல் ஒன்று உண்டு. ஒரு சிறு துளையின் வழியே நுழையும் ஒளி, வெளியிலுள்ள ராஜகோபுரத்தைத் தலைகீழாக உட்சுவரில் விழச் செய்கிறது. அந்த நிழலை எல்லாரும் வியந்து படம் பிடித்தார்கள். படம் பிடித்தவர்கள் நின்றிருந்ததும் ஒரு நிழலில்தான். அதை யாரும் வியக்கவில்லை.

கோயிலிலிருந்து விட்டலர் கோயிலுக்கு ஆற்றோரமாக ஒரு நடைபாதை இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். வண்டியில் சுற்றிக்கொண்டும் போகலாம். நடந்து போனால்தான் ஊரைப் பார்த்ததாகும் என்ற ஆசையில், பத்தரை மணிக்கு மேல் ஒரே ஒரு தண்ணீர்ப் புட்டியோடு நடக்கத் தொடங்கினேன். இது அறிவீனம் என்பதை அரை மணி நேரத்தில் உணர்ந்தேன். ஹம்பியின் வெயில் மேலிருந்து மட்டும் வருவதன்று. இருபுறமும் குவிந்து கிடக்கும் கருங்கற் பாறைகள் வாங்கிய வெப்பத்தைத் திருப்பி வீசுகின்றன. வழியில் அச்சுதராயர் கோயிலின் பக்கம் பிரிந்து சென்றபோது கண் இருட்டியது. காதில் இரைச்சல் கேட்டது. புட்டியில் மிச்சமிருந்த நீரும் வெந்நீராகியிருந்தது. கூட வந்தவர் என்று எவரும் இல்லை.

அந்தக் கோயிலுக்கு எதிரே நீண்டு செல்லும் பழைய கடைத்தெரு ஒன்று உண்டு. இருபுறமும் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பல இடங்களில் கூரை சரிந்துவிட்டது. சில இடங்களில் மேற்பலகைக் கற்கள் இன்னும் கிடக்கின்றன. அப்படி ஒரு கூரையின் கீழ் எப்படியோ போய் விழுந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"நெரளல்லி கூத்கொள்ளி அக்கா" என்றாள். இன்னும் உள்ளே தள்ளி நிழலில் உட்காரச் சொல்கிறாள் என்று தெரிந்தது. தூக்குவாளியிலிருந்து உப்பிட்ட மோரை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு கேட்டாள்: "ஒப்பரே பந்த்ரா?"

ஒருவராகவே வந்தீர்களா? ஆமென்று தலையசைத்தேன். அவள் வியப்போ கண்டிப்போ காட்டவில்லை. தானும் அங்கே ஒருத்தியாகத்தானே நாள்தோறும் வருகிறாள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்த மண்டபத்தில் சாய்ந்திருந்தேன். அவளுடைய ஆடுகளும் ஒவ்வொன்றாக அதே நிழலுக்கு வந்து சேர்ந்தன. காசு கொடுக்க முயன்றபோது கையை அசைத்து மறுத்துவிட்டாள்.

கல்லூரியில் இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு மண்டபம் என்ற சொல்லைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். நாற்கால் மண்டபம், நூற்றுக்கால் மண்டபம், போதிகை, கொடுங்கை என்று பகுத்துச் சொல்லிக் கரும்பலகையில் படமும் வரைந்திருக்கிறேன். மண்டபம் என்பது யாரோ ஒருவர் முன்பின் அறியாத வேறொருவருக்கு அளித்துச் சென்ற நிழல் என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் அறிந்தேன். கனத்த கற்கூரை இரவின் குளிர்ச்சியை நண்பகல் வரையிலும் தேக்கி வைத்திருந்தது. பக்கங்கள் திறந்திருந்ததால் காற்று தடையின்றிப் புகுந்து போயிற்று. மேலே குறிப்பிட்ட கொடுங்கை வளைந்து தாழ்ந்து வருவது அழகுக்காக மட்டுமன்று; சாய்ந்த வெயிலைத் தூணின் காலடியோடு நிறுத்துவதற்காகவும்தான். நம் ஊர்ப் பெருவழிகளில் இன்றும் சிதைந்து நிற்கும் வழிப்போக்கர் மண்டபங்களும், சுமைதாங்கிக் கற்களும், சித்திரையில் எழும் தண்ணீர்ப் பந்தல்களும் இந்த அறத்தின் வெவ்வேறு வடிவங்கள்தாம்.

தமிழ் இலக்கியத்திற்கு வெயில் புதிதன்று. பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தது நம் இலக்கணம். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெடும்போது பாலை தோன்றுகிறது என்கிறார் இளங்கோவடிகள். மதுரைக்கு நடக்கும் கண்ணகியால் வெயிலைத் தாங்க இயலாது என்பதால் கோவலனும் கவுந்தியடிகளும் இரவில் நிலவொளியில் பயணம் செய்ய முடிவெடுக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் வேனிலின் கொடுமையால் நடந்து களைத்த பாணர் சுற்றம் மர நிழலில் இளைப்பாறுகிறது. அந்த நிழலில்தான் நல்லியக்கோடனிடம் செல்லும் வழி அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. வழி சொல்லும் இலக்கியமே நிழலில் பிறந்த ஒன்று. ஆள்வோனின் காவலைக் குடைநிழல் என்று குறிப்பதும் நம் மரபு. இவற்றையெல்லாம் மின்விசிறியின் கீழ் அமர்ந்து கற்பித்து வந்திருக்கிறேன். பழந்தமிழ்ப் புலவர்கள் நிழலுக்குக் கொடுத்த மதிப்பு அணியழகு சார்ந்தது என்றே என் உள்மனம் நினைத்திருந்தது போலும்.

நிழலை அடுத்து நீர். 1443இல் ஹெராத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரசாக், செதுக்கி மெருகேற்றிய கல்வாய்க்கால்களில் நீர் ஓடும் நகரமாக விஜயநகரைப் பதிவு செய்தார். 1520ஐ ஒட்டி வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், குன்றின் மேலிருந்து நகரைப் பார்த்துவிட்டு அதன் பரப்பை ரோமாபுரியோடு ஒப்பிட்டார். அவர் அங்கிருந்து கண்டவற்றுள் முதன்மையானவை வீட்டுத் தோட்டங்களின் மரக்கூட்டங்களும், ஊடே ஓடும் நீர்க்கால்களும், ஏரிகளுமே. மன்னர் வெட்டிய ஏரியொன்றில் ஆயிரக்கணக்கானோர் எறும்புகளைப் போல வேலை செய்ததையும் அவர் எழுதி வைத்தார். நாம் இன்று வெறும் பாறைக்காடாகக் காணும் ஹம்பியைக் கண்ணால் கண்ட அந்த அயலார், மரமும் நீரும் நிறைந்த ஊராகவே அறிந்திருந்தனர்.

அந்த நீரமைப்பின் எச்சங்கள் இன்றும் உண்டு. அரச வளாகத்தில் 1980களில் அகழ்ந்தெடுத்த படிக்கிணற்றுக் குளம் ஒன்றைப் பார்த்தேன். கரிய கற்படிகள் நாற்புறமும் கணக்குப் பிசகாமல் இறங்குகின்றன. எந்தக் கல் எந்தப் பக்கத்தில் எந்த வரிசையில் அமைய வேண்டும் என்று கல்லிலேயே குறித்திருக்கிறார்கள். அதற்கு நீர் கொண்டுவந்த கல்தொட்டிகள் தூண்களின் மேல் வரிசையாக இன்னும் நிற்கின்றன. நான் போன அன்று அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை நீர் கிடந்தது. சற்றுத் தள்ளியிருக்கும் அரசியர் குளியலறையில் அதுவும் இல்லை. ஆனால் விஜயநகரக் காலத்தில் வெட்டிய துர்த்தா கால்வாய் இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது. கால்வாய்க் கரையில் வாழைத்தோப்பு அடர்ந்து நிற்கும் இடத்தை நெருங்கும்போதே காற்றின் வெம்மை தணிவது தோலுக்குத் தெரிகிறது. சின்னம் என்று வேலியிட்டுக் காக்கும் குளம் வறண்டு கிடக்கிறது; யாரும் சின்னமாகக் கருதாத கால்வாய் உழவர்களின் கையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடிருக்கிறது. என் ஆதங்கத்தின் மையம் இதுவே.

நாம் பாதுகாக்கும் முறையைப் பார்ப்போம். கட்டடத்தைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அகற்றிவிட்டுப் புல் வளர்த்து, அதன் நடுவில் கட்டடத்தைத் தனித்து நிறுத்துகிறோம். இது குளிர்நாட்டுப் பூங்காவின் இலக்கணம். தாமரை மகாலும் யானைக் கொட்டிலும் இருக்கும் வளாகத்தில் அப்படிப்பட்ட புல்வெளி விரிந்து கிடக்கிறது. கண்ணுக்கு அழகுதான். உச்சிப்பொழுதில் அதைக் கடக்கும் குடும்பங்களின் முகத்தில் அந்த அழகைக் காண முடியாது. தாமரை மகாலின் வளைவுகளுக்குள் இருந்த நிழல் அன்று கயிறு கட்டி மறிக்கப்பட்டிருந்தது. பதினொரு கூடங்கள் கொண்ட யானைக் கொட்டிலின் வாசல் நிழலில் மக்கள் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். யானைகளுக்கு அளித்த குளிர்ச்சி மனிதர்க்கும் போதுமானதாக இருந்தது.

விரூபாட்சர் கோயிலின் எதிரே நீளும் தேர்வீதியின் கதை இன்னும் சிக்கலானது. அதன் இருபக்கத்துக் கல்மண்டபங்களில் பல குடும்பங்கள் வீடும் கடையுமாக வாழ்ந்து வந்தன. 2011 ஜூலையில் அவை இடித்து அகற்றப்பட்டன. மண்டபங்கள் வெறுமையாயின. அந்த மக்கள் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். தூண்களுக்கிடையே செங்கற் சுவர் எழுப்புவதும், பழங்கல்லில் ஆணி அடிப்பதும், மேலே கான்கிரீட் தளம் போடுவதும் சின்னத்திற்குக் கேடுதான். மரத்தின் வேர் அடித்தளத்தைப் பிளக்கும் என்பதும் உண்மையே. ஆனால் கேட்டை நீக்குவது ஒன்று. பயனையே நீக்குவது வேறொன்று. கடைத்தெருவுக்கென்று கட்டிய மண்டபத்தில் வணிகர் இல்லை, வழிப்போக்கர் இல்லை, ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை என்றால் அங்கே நாம் காப்பாற்றியது எதை?

விட்டலர் கோயிலை மறுநாள் காலையில், இம்முறை மின்கல வண்டியில் போய்ப் பார்த்தேன். புகழ்பெற்ற கல்தேரின் முன் வரிசை நின்றது. குடும்பம் குடும்பமாக வந்து, தேரை மறைக்காமல் நின்று படமெடுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார்கள். 2017இல் வெளிவந்த ஐம்பது ரூபாய்த் தாளில் இந்தத் தேர் இடம்பெற்றிருப்பதால், சிலர் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடியும் நின்றார்கள். 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த ஒளிப்படத்தில் இத்தேரின் மேல் செங்கல்லால் ஆன விமானம் ஒன்று காணப்படுகிறது. அது பின்னர் இல்லாமல் போயிற்று. ரூபாய்த் தாளில் இருப்பது அதை இழந்த உருவம். நாம் மாறாமல் காக்கிறோம் என்று நம்பும் சின்னமும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. அப்படியிருக்க, நிழலும் நீரும் திரும்பி வரும்படியான மாற்றத்தை மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்?

இந்த வெயில் ஒரு நாள் அனுபவமாக வாய்க்காதவர்களும் அங்கே இருக்கிறார்கள். சீட்டைச் சரிபார்க்கும் காவலர்கள், மின்கல வண்டி ஓட்டும் பெண்கள், எலுமிச்சம்பழச் சாறும் வெள்ளரிப்பிஞ்சும் விற்பவர்கள். ஒரு காவலர் தம் நாற்காலியைத் தூணின் நிழல் நகர நகர நகர்த்திக்கொண்டே இருந்தார். மாலைக்குள் ஒரு முழு மண்டபத்தைச் சுற்றி வந்துவிடுவாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தத் தூண்களின் பயனை நம் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. வெயில் உயிரைப் பறிக்கும். அதை இலக்கிய அனுபவமாக்கிப் பேசுவது பொறுப்பற்ற செயல் என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். அவர் சொல்வது சரி. நான் செய்ததைப் போல யாரும் உச்சிவேளையில் ஒற்றைப் புட்டியோடு நடக்க வேண்டாம். விடியலில் நடந்து, பதினொரு மணிக்கு ஒரு மண்டபத்தில் ஒதுங்கி, நான்கு மணிக்குப் பிறகு மீண்டும் புறப்படுவதே முறை. பண்டைய பயணிகள் செய்ததும் அதுதான். தனியாகப் போகிறவர்க்கு இது எளிது. கூட்டத்தோடு போனால் பார்க்க வேண்டிய பட்டியல் துரத்தும். தனியாகப் போனால் ஒரே இடத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் கேட்பாரில்லை. ஆனால் தனியாகப் போனவர் மயங்கினாலும் கேட்பாரில்லை என்பதை மறக்கலாகாது. என்னைக் கேட்பதற்கு ஒரு முதியவள் இருந்தாள் என்பது என் நற்பேறு. அதை நம்பி எவரும் பயணம் செய்ய முடியாது.

நற்பேற்றை நம்பாமலிருக்கச் செய்யக்கூடியவை பெரியவையும் அல்ல. சின்னங்களின் வாயிலைக் கோடையில் விடியலுக்கே திறந்துவிடலாம். அடித்தளத்துக்கு ஊறு நேராத தொலைவில், நடைபாதையின் ஓரங்களில் வேம்பும் புங்கும் நடலாம். உறுதியாக உள்ள மண்டபங்களிலேனும் மக்கள் உட்காரலாம் என்று எழுதி வைக்கலாம். சுவரெழுப்பாமல், நெருப்பு மூட்டாமல், தண்ணீர்ப் பானை வைத்து அதைக் கவனித்துக்கொள்ளும் வேலையை அவ்வூர் மக்களிடமே ஒப்படைக்கலாம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்நகரத்தார் அறிந்திருந்ததைத்தான் இப்போது மறுபடி செய்யச் சொல்கிறேன். கோடை ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகி வரும் இந்நாளில் இது ஹம்பிக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. சித்திரையில் கங்கைகொண்ட சோழபுரத்துப் புல்வெளியில் நின்று பார்த்தவர்க்கும் நான் சொல்வது விளங்கும்.

புறப்படும் நாளின் மாலையில் ஹேமகூடத்தின் சரிவிலுள்ள கடலைக்கல் விநாயகரின் மண்டபத்தில் இருந்தேன். மெலிந்து உயர்ந்த தூண்கள் கொண்ட திறந்த மண்டபம் அது. கீழே தேர்வீதியும், அதன் முனையில் விரூபாட்சரின் கோபுரமும் தெரிந்தன. பகலெல்லாம் வெம்மையை வாங்கியிருந்த கூரை மெல்ல அதை விடத் தொடங்கியிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் தேர்வீதியின் வெறும் மண்டபங்கள் இருண்டுபோயின. அவற்றுக்கு முன்னால், சாலையோரத்தில், கோணித்துணியை நான்கு கழிகளில் கட்டி நிழலாக்கி நாளெல்லாம் இளநீர் விற்றவர் அந்தத் துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்றது கல்லால் ஆன கூரை. இரண்டுக்கும் இடையே பத்தடி தூரம்கூட இருக்காது.